பனங்கட்டி விற்பனைக் கணக்குக்கு எந்த வரைபு பொருந்தும்?

சுன்னாகத்தான்:

வணக்கம். பனங்கட்டி, ஒடியல், புழுக்கொடியல், பினாட்டு ஆகியவற்றை வெளிநாடுகளில் உள்ள எம்மவர்களுக்கு இணையவழியாக விற்கும் ஒரு சிறிய கடையின் கணக்கை நான் பார்த்து வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கான ஓடர் விபரங்களைப் பவர் பிஐ மென்பொருளில் ஏற்றியபோது, எதற்கு எது என்று விளங்காத அளவுக்கு வரைபு வகைகள் வரிசையாக வந்து நின்றன. முதலாளி வட்ட வரைபையே விரும்புகிறார். நாடுவாரியாக அதைப் போட்டால் பதினொரு துண்டுகள் விழுகின்றன; பிரான்சா சுவிற்சர்லாந்தா பெரிது என்று கண்ணால் சொல்ல முடியவில்லை; கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகி விடுகிறது. எந்த நாட்டுக்கு எவ்வளவு, எந்தக் காலத்தில் எவ்வளவு, பொதி போய்ச் சேர எத்தனை நாள் என்ற மூன்றையும் காட்ட எவற்றைத் தெரிவு செய்யலாம்?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

தம்பி, நீங்கள் கேட்ட மூன்றும் மூன்று வேறு கேள்விகள். ஒரே வரைபுக்குள் அடக்க முயல வேண்டாம். நாடுகளை ஒப்பிடுவதற்குக் கிடையான சலாகை வரைபே போதும். நாட்டின் பெயர் நீளமாக இருந்தாலும் சரிக்காமல் எழுதலாம்; அகரவரிசையை விட்டு, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் பிரான்சின் கேள்வி அந்த இடத்திலேயே தீர்ந்து விடும். ஒரே அச்சில் உள்ள நீளங்களைக் கண் திருத்தமாக ஒப்பிடும், கோணத்தையும் பரப்பையும் அவ்வாறு ஒப்பிடாது என்பதைக் கிளீவ்லண்ட், மக்கில் என்ற இருவர் 1984இல் பரிசோதித்துக் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், 1786இல் சலாகை வரைபை அச்சிட்ட வில்லியம் பிளேபெயரே 1801இல் வட்ட வரைபையும் தந்தவர். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: சலாகையின் அச்சு பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். சில மென்பொருட்கள் தாமாகவே அடியை வெட்டி, சிறு வித்தியாசத்தை மலையாக்கி விடும்.

காலத்துக்குக் கோட்டு வரைபு. ஆனால் மாதவாரியாகப் போட்டால், ஆடிக்கூழுக்காகப் பனங்கட்டி கேட்டு வரும் ஓடர்கள் யூனிலும் யூலையிலுமாகப் பிரிந்து, உச்சி மழுங்கி விடும். நாள்வாரியாகப் போட்டால் கோடு முள்வேலி போலாகும். கிழமைவாரியாகப் போட்டுப் பாருங்கள்.

தட்டாதெரு:

ஆசிரியர் சொன்னதை ஏற்கிறேன். பொதி சேரும் நாட்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் எமது கடையிலும் அங்கேதான் வழுக்கினோம். சராசரி பதின்நான்கு நாள் என்று நெடுநாளாக வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். வலையுரு வரையம் (எத்தனை நாளில் எத்தனை பொதி சேர்ந்தது என்பதை அடுத்தடுத்த சலாகைகளாகக் காட்டுவது) போட்டபோதுதான் இரண்டு மேடுகள் தெரிந்தன: கூரியரில் போனவை ஒரு கிழமையை ஒட்டி, தபாலில் போனவை மூன்று கிழமைக்கு மேல். பதின்நான்காம் நாளில் ஏறக்குறைய எந்தப் பொதியும் போய்ச் சேரவில்லை! புள்ளிவிபரவியலாளர் ஜோன் டூக்கி பரப்பிய பெட்டி வரைபு, இடையத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமானம்) காலணைகளையும் (தரவை நான்கு சம பங்காக்கும் எல்லைகள்) தனித்து விலகி நிற்கும் பொதிகளையும் நன்றாகக் காட்டும். ஆயினும் இரண்டு மேடுகளை அது ஒரே பெட்டிக்குள் மூடி விடும். ஆகவே முதலில் வலையுரு வரையத்தைப் பாருங்கள். பிறகு கூரியருக்கும் தபாலுக்கும் தனித்தனிப் பெட்டிகளை அருகருகே வையுங்கள். எக்செல் 2016இலிருந்து இவ்விரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

நிறம் தீட்டிய உலகப்படத்தில் மயங்க வேண்டாம். கனடா தன் நிலப்பரப்பாலேயே திரையை நிரப்பும். சுவிற்சர்லாந்து எத்தனை ஓடர் தந்தாலும் ஒரு புள்ளிதான். கிழமை நாளையும் மணியையும் கட்டங்களாக்கி நிறமிடும் வெப்ப வரைபு உங்களுக்கு உண்மையில் உதவும், நேர வலயத்தைச் சரிபார்த்தால். கோடைகாலத்தில் ரொறன்ரோவில் ஞாயிறு இரவு எட்டு மணி என்பது இங்கே திங்கள் காலை ஐந்தரை. நம்மூர் நேரத்தில் பார்த்து, விடியற்காலையில் எழுந்து ஒடியல் வாங்குகிறார்கள் என்று முடிவு கட்டி விடாதீர்கள்.

கடைக்காரன்:

வட்ட வரைபை இவ்வளவு தள்ளி வைப்பது நியாயமில்லை. வெளிநாடு எவ்வளவு, உள்நாடு எவ்வளவு என்ற இரண்டு துண்டுக் கேள்விக்கு அதைவிட விரைவாக விடை தருவது எதுவுமில்லை. என்னைப் போன்ற முதலாளிமாருக்கு அது ஒரு பார்வையில் விளங்கும். முப்பரிமாணமாக மட்டும் சரித்து வைக்க வேண்டாம்; முன்னால் இருக்கும் துண்டு பெருத்துத் தெரியும்.

சுன்னாகத்தான்:

எல்லோருக்கும் நன்றி. சலாகை வரைபில் பிரான்ஸ் முந்தியிருப்பது இப்போது தெரிகிறது. முதலாளிக்காக இரண்டு துண்டு வட்டம் ஒன்றையும் முதற்பக்கத்தில் வைத்து விட்டேன். கிழமைவாரிக் கோட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது: பனங்கட்டி கையிருப்பில் இல்லாத ஐந்து கிழமைகளில் கோடு பூச்சியத்துக்கு விழுந்து, கேட்பாரே இல்லாதது போலத் தோன்றுகிறது. அதை எப்படிக் காட்டுவது?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

விற்கப் பொருள் இல்லாத கிழமைக்குப் பூச்சியம் எழுதக்கூடாது; அந்தக் கலங்களை வெறுமையாக விடுங்கள். எக்செலில் வெறுமையான கலங்களை இடைவெளியாகவோ, பூச்சியமாகவோ, இருபக்கமும் இணைத்த கோடாகவோ காட்டுவதற்குத் தெரிவு உண்டு. இடைவெளியைத் தெரிவு செய்து, அதன் மேல் "கையிருப்பு இல்லை" என்று சிறிதாக எழுதி விடுங்கள்.