தகரக் கூரை மறுபடி பறக்காமல் இருக்க ஸ்க்ரூ போதுமா?

உப்பளத்தான்:
வேதாரண்யம் பக்கம் வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஜி.ஐ. பைப் சட்டம், மேலே தகர ஷீட். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் கரையேறியபோது கூரை போனது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பில் சட்டத்தோடு கவிழ்ந்து கிடந்தது. ஷீட் ஒன்றுகூடப் பைப்பை விட்டுக் கழன்றிருக்கவில்லை. அப்போது அவசரத்துக்குப் போட்ட கூரையை இப்போது மாற்றுகிறோம். வெல்டர், "ஸ்க்ரூவை இரட்டிப்பாக்கினால் அசையாது" என்கிறார். போதுமா?

சைட் மேஸ்திரி:
போதாது. பைப்தானே சுவரை விட்டது? புயல் காற்று கூரையை மேலே உறிஞ்சி இழுக்கும். மணிக்கு 144 கி.மீ. வேகம் என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ அழுத்தம். ஷீட்டும் பைப்பும் சேர்ந்து 15 கிலோ தேறுமா? ஓரத்திலும் மூலையிலும் இழுப்பு இன்னும் அதிகம். பைப் முனையைச் சுவரில் எப்படி நிறுத்தியிருந்தார்கள்?

உப்பளத்தான்:
சுவர் உச்சியில் குழி விட்டுச் செருகி, கலவை பூசியிருந்தது. பெல்ட் கான்கிரீட் கிடையாது. இப்போதும் அதே கதைதான்.

சைட் மேஸ்திரி:
பூச்சுக் கலவையை நம்பி ஒரு கூரை! சுவர் தலையில் சுற்றிலும் கம்பி கட்டி பெல்ட் ஓட்டுங்கள், போல்ட்டை அப்போதே கம்பியோடு கட்டிப் புதைத்துவிடுங்கள். ஆனால் பழைய சுவரில் பெல்ட்டே சேர்ந்து கிளம்பலாம். அதனால் இரும்புப் பட்டையைச் சுவரின் இரு பக்கமும், கதவு ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டல் வரை இறக்கி, ஊடே துளைத்து போல்ட் முடுக்குங்கள். சுவரின் எடையும் கூரையைப் பிடிக்க வேண்டும்.

பட்டறைக்காரன்:
அண்ணே, ஸ்க்ரூவையும் கைவிடாதீர்கள். ஓர வரிசையிலும் முகட்டிலும் நெருக்கிப் போடுங்கள். வாஷர் சின்னதாக இருந்தால் ஷீட் கிழிந்துபோகும், ஸ்க்ரூ மட்டும் பைப்பில் நிற்கும். உங்கள் ஊர் உப்புக் காற்றில் வெல்டிங் வைத்த இடம்தான் முதலில் துருவேறும். ஸிங்க் பெயிண்ட் அடித்துவிடுங்கள். திண்ணைக்கு ஷீட் நீள்கிறதா?

உப்பளத்தான்:
நாலடி, ஒரே ஷீட்டாக.

பட்டறைக்காரன்:
வெட்டித் தனிச் சட்டமாக்குங்கள். காற்று அதன் அடியில் புகுந்துதான் தூக்கும். போனால் திண்ணையோடு போகட்டும்.

உப்பளத்தான்:
சரி. ஆனால் அம்மா, "நடுவில் சாரல் அடிக்குமே" என்கிறார்.

பட்டறைக்காரன்:
மெல்லிய தகரப் பட்டை வைத்து மூடுங்கள். வீட்டுப் பக்கம் மட்டும் ஸ்க்ரூ. திண்ணைப் பக்கம் சும்மா படிந்திருக்கட்டும்.