களா வேலி அடர்த்தியாக வளர்கிறது, காய்தான் இல்லை

வேலிக்காக விதைக் கன்றுகளாக நட்ட களாச் செடிகள், இப்போது ஐந்து வயது. தண்ணீர் ஊற்றாமலே வளர்கின்றன, ஆடு மாடு எதுவும் உள்ளே நுழைவதில்லை, ஆனால் பூவே ஏதோ பத்துப் பதினைந்துதான் வருகிறது, காய் கையளவுகூட இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மேலும் பக்கமும் சமமாக வெட்டிவிடுகிறேன். உரம் போட வேண்டுமா? அப்புறம், ரத்தம் ஊறும் என்று அம்மா இந்தப் பழத்தைத் தேடுகிறார், அது உண்மைதானா?

செம்மண்:
உரம் வேண்டாங்க, கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். களா பூங்கொத்து வைப்பது கிளையின் நுனியில். நீங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனியை எடுத்துக்கொண்டே இருந்தால் செடி எங்கே போய்ப் பூக்கும்? யூரியா மாதிரி தழைச்சத்து போட்டால் இன்னும் இலைதான் கூடும். வருடத்தில் ஒரே முறை, காய் எடுத்து முடித்ததும் வெட்டுங்கள், அதோடு விடுங்கள். உள்ளே காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். வேலி கொஞ்சம் கலைந்து தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். வெயில் நன்றாகப் படுகிறதா என்றும் பாருங்கள். மர நிழலில் நிற்கும் களா உயரமாகப் போகும், காய் கம்மி. வறட்சி இதை ஒன்றும் செய்யாது, வேரில் தண்ணீர் தேங்குவதுதான் ஆகாது.

மாடித்தோட்டக்காரி:
செம்மண் அண்ணா சொன்னது சரி. கூடவே ஒன்று, விதைக் கன்றுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று கொத்துக் கொத்தாகக் காய்க்கும், பக்கத்துச் செடி சும்மா நிற்கும். நன்றாகக் காய்ப்பதைக் குறித்து வைத்து, மழைக்காலத்தில் அதில் விண்பதியம் போடுங்கள் (கிளையைச் செடியில் இருக்கும்போதே வேர்விட வைத்துப் பிறகு வெட்டி நடுவது), தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும். விதைதான் போடுவேன் என்றால் பழத்திலிருந்து எடுத்த உடனே போட்டுவிட வேண்டும், காயவைத்துப் பத்திரப்படுத்தினால் சரியாக முளைப்பதில்லை.

அடுக்களை மூலை:
அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது. களாவில் வைட்டமின் சி உண்டு, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். பசி எடுக்கவும் பித்தம் தணியவும் கொடுப்பது பழைய வழக்கம். ஆனால் அம்மாவுக்குச் சோர்வு, மூச்சு வாங்குவது மாதிரி இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், பழத்தை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

காய் கிடைத்தால் பச்சையில் ஊறுகாய், பழுத்ததில் ஜெல்லி. பச்சைக்காயில் பால் பிசின் மாதிரி ஒட்டும், கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டாக நறுக்கி, விதையை எடுத்து, உப்புத் தண்ணீரில் போடுங்கள். ஜெல்லிக்கு முழுதும் கறுத்த பழம் மட்டும் போதாது, பாதிச் சிவந்ததும் கொஞ்சம் கலக்க வேண்டும், ஜெல்லியை உறைய வைக்கும் பெக்டின் அதில்தான் அதிகம், கடையில் தனியாக வாங்கிச் சேர்க்கத் தேவையே வராது. வேகவைத்து, துணியில் வடித்து, சாற்றுக்குச் சர்க்கரை போட்டுக் காய்ச்சுங்கள். கரண்டியைச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல் ஏடாகச் சேர்ந்து விழும், அதுதான் பதம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் களாவைச் சரியாக அடையாளம் காட்டிக் கொடுங்கள். இது அரளிக் குடும்பம், இதன் பழம் தின்னலாம், ஆனால் வேலியில் பால் வடியும் செடி எல்லாம் அப்படியில்லை, மஞ்சள் அரளிக் காய் உயிரையே எடுக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. போன வாரம்தான் வெட்டினேன், இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. தெருப்பக்கம் வழியை மறைக்கும் என்பதால் அங்கே வெட்டாமல் விட முடியாது, உள்பக்கத்தை மட்டும் இந்த வருடம் தொடாமல் விடுகிறேன். மஞ்சள் அரளி ஒன்று வேலி மூலையிலேயே நிற்கிறது, அதை நாளைக்கே எடுத்துவிடுகிறேன்.

செம்மண்:
உள்பக்கம் மட்டும் விட்டாலே போதும், பறிக்கவும் அதுதான் வசதி. முள் இரட்டை இரட்டையாக இருக்கும், கையை மெதுவாக விடுங்கள்.