ஏ.சி.எல். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முழங்கால் முழுதாக நீளவில்லை, வழி சொல்லுங்கள்

என் தம்பிக்கு வயது 22. கபடியில் ரெய்டர். கடந்த டிசம்பரில் ஒட்டன்சத்திரம் பக்கம் நடந்த ஆட்டத்தில், நடுக்கோட்டுக்குத் திரும்பும்போது வலது முழங்கால் திருகி, மூட்டுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்தது. ஜனவரியில் மதுரையில் அறுவை சிகிச்சை. அறுந்த ஜவ்வுக்குப் பதிலாகப் பின்தொடைத் தசைநாரை எடுத்து வைத்தார்கள். ஐந்து மாதம் ஆகிறது.

மடக்குவதில் குறையில்லை, 125 டிகிரி வரை போகிறது. நீட்டுவதில்தான் சிக்கல். கடைசி 10 டிகிரி வரவே இல்லை. படுத்துக் காலை நீட்டினால் முழங்காலுக்கு அடியில் என் கை தாராளமாக நுழைகிறது. அழுத்தி நீட்டினால் முழங்கால் சில்லுக்குக் கீழே ஏதோ இடறி ‘டொக்’ என்கிறது, வலிக்கிறது. வீக்கமோ காய்ச்சலோ இல்லை. தொடை மட்டும் நன்றாக மெலிந்துவிட்டது.

குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து நீட்டுவது, குப்புறப் படுத்துக் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுவது, தொடைத் தசையை இறுக்கும் பயிற்சி, மின்தூண்டல் எல்லாம் தவறாமல் செய்கிறான். சில வாரங்களாக ஒரு டிகிரிகூட முன்னேற்றமில்லை. ஜவ்வுக்கு முன்னால் தழும்புத் திசு வளர்ந்து தடுக்கிறதோ என்று பிசியோதெரபிஸ்ட் சந்தேகப்படுகிறார்; எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். அறுவை செய்த மருத்துவரோ பொறுக்கச் சொல்கிறார். தள்ளிப்போட்டால் இறுகிவிடும் என்பதுதான் என் பயம். கால் நேராகாமல் அவன் எப்படி ரெய்டுக்குப் போவான்?

இதே நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்: ஐந்து மாதத்துக்குப் பிறகும் பயிற்சியிலேயே கால் நேரானதா, அல்லது ஆர்த்ராஸ்கோபி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் சிகிச்சை) செய்து அந்தத் திசுவை நீக்க வேண்டியிருந்ததா?