பள்ளியில் பாடமாக வைத்த நாவல்கள் வாசிப்பை வளர்த்தனவா, கெடுத்தனவா?

கரும்பலகை:
ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவல் எங்களுக்குத் துணைப்பாடம். அதுவும் சுருக்கப் பதிப்பு. அத்தியாயம் முடிந்தால் 'இதை யார் யாரிடம் சொன்னது' என்று கேள்வி. அதில் கல்யாணத்தன்று கைவிடப்பட்ட மிஸ் ஹாவிஷம் வீட்டுக் கடிகாரங்கள் எல்லாம் 8.40-இல் நின்றிருக்கும். ஏன் நின்றன என்று வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை மணிக்கு நின்றன என்பதற்கு ஒரு மதிப்பெண். அதோடு பல வருஷம் நாவல் பக்கமே போகவில்லை நான். கிளாசிக்குகளைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதே என் கட்சி. வேண்டியவர்கள் பிறகு தேடிப் படிக்கட்டும்.

நெடுவாசகன்:
உங்கள் கோபம் நியாயம். ஆனால் அது டிக்கன்ஸ் மேல் இல்லை, கேள்வித்தாள் மேல் போக வேண்டியது. வீட்டில் ஒரு புத்தகம்கூட இல்லாத பிள்ளை எங்கே போய்த் தேடும்? என் கைக்கு வந்த முதல் நாவலே பாடமாக வந்ததுதான், இதே நாவல். லண்டனில் பெரிய மனிதனாகிக்கொண்டிருக்கும் நாயகன் பிப்பைப் பார்க்க, அவனை வளர்த்த கிராமத்துக் கொல்லன் ஜோ வருவான். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கணப்படுப்புக்கு மேலே உள்ள பலகை ஓரத்தில் வைப்பான். அது விழும், எடுத்து வைப்பான், மறுபடி விழும். 14 வயதில் அதைப் படித்துவிட்டு அப்படிச் சிரித்தோம். வேலைக்குப் போன பிறகு அப்பா ஒருநாள் என் அலுவலகத்துக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அந்தத் தொப்பி ஞாபகம் வந்து எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கரும்பலகை:
அப்படியானால் உங்களுக்கும் வளர்ந்த பிறகுதானே புரிந்தது? அதைத்தான் சொல்கிறேன், வயசுக்கு முன்னால் திணிக்காதீர்கள்.

நெடுவாசகன்:
அன்றைக்குச் சிரிக்காமல் இருந்திருந்தால், பிறகு ஞாபகம் வர என்ன இருந்திருக்கும்?

மூன்றாம் பெஞ்ச்:
நான் பாடம் நடத்துகிறவள். இரண்டு பேரும் டிக்கன்ஸை விட்டு நகரவே இல்லை. 1945-இல் வந்த ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யை வைத்துப் பாருங்கள். மெல்லிய புத்தகம், சுருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் கதை கிண்டல் செய்யும் சோவியத் தலைவர் ஸ்டாலின் யாரென்று தெரியாத பிள்ளைகூட, உழைத்து ஓய்ந்த பாக்ஸர் குதிரையை ஏற்றிப்போவது கசாப்புக்காரன் வண்டி என்பதை, அதில் எழுதியிருப்பதைப் பார்த்து கழுதை பெஞ்சமின் வாசித்துச் சொல்லும் இடத்தில் உடைந்துபோகும்.

கரும்பலகை:
அதற்கும் 'ஏழு கட்டளைகளை எழுதுக' என்றுதானே கேட்பீர்கள்?

மூன்றாம் பெஞ்ச்:
கேட்பேன். பண்ணையைப் பிடித்துக்கொண்ட பன்றிகள், எல்லா விலங்குகளுக்கும் பொதுவாக எழுதிவைத்த அந்தக் கட்டளைகளை ஒவ்வொன்றாக மாற்றும்போது, மனப்பாடம் செய்த பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்கும். "முன்னாடி இப்படி இல்லையே மிஸ்!" என்று எழுந்து நிற்கும்.

நெடுவாசகன்:
அருமை. ஆனாலும் டிக்கன்ஸை நான் விடமாட்டேன். 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை வாராவாரம் வந்த தொடர்கதை அது. அதே மாதிரி வாரம் ஒரு பகுதியை வகுப்பில் உரக்க வாசித்து, மிச்சத்துக்குக் காக்க வையுங்கள். நண்பரும் எழுத்தாளருமான புல்வர் லிட்டன் சொன்னதற்காக டிக்கன்ஸ் முடிவை மாற்றி எழுதினார். பழைய முடிவும் கிடைக்கிறது. இரண்டையும் கொடுத்து, எது பொருந்துகிறது என்று பிள்ளைகளையே பேசவிடுங்கள்.

கரும்பலகை:
அந்தப் பேச்சுக்கு மதிப்பெண் போடமாட்டீர்கள் என்றால் நாவல் பாடத்தில் இருக்கட்டும். போட்டால் என் கட்சி மாறாது.