மேலத்தெரு குடும்பம்

அம்மா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஜெபினுக்கு விமானப்படை பேண்டு தேர்வுக்கு அட்மிட் கார்டு வந்துவிட்டது. பெங்களூரு. இன்னும் 19 நாள்தான் இருக்கிறது. குன்னூர் தம்பி பார்த்தால் உடனே கூப்பிடவும்.

மேரி அத்தை: அல்லேலூயா

மேரி அத்தை: 19 நாள் என்றால் ஷீபா நிச்சயம் அன்றைக்கா மைனி?

அம்மா: தேர்வு நிச்சயத்துக்கு முந்தின நாள் மேரி. வந்துவிடுவான்.

ஜோயல் அத்தான்: எப்படி, ஹெலிகாப்டரிலா

பெரியப்பா: சந்தோஷம். ஆனால் இது அக்னிவீர் தானே? 4 வருடம் முடிந்தால் 25 சதவீதம் பேர் வரைக்கும்தான் உள்ளே வைத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் என்ன செய்வார்கள் என்று யாராவது யோசித்தீர்களா?

அப்பா: யோசித்தோம் அண்ணே.

பெரியப்பா: ஒரு டிகிரி முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் சொல்கிறேன்.

குன்னூர் சித்தப்பா: 1987-ல் நான் இராணுவ பேண்டுக்குப் போகும்போதும் இதே வார்த்தை.

ஜோயல் அத்தான்: ஆரம்பித்துவிட்டது

சுஜா: சித்தப்பா, அவன் டிரம்பெட் ஊதுவதைப் பதிவு பண்ணி அனுப்பியிருக்கிறேன், கேளுங்கள். பக்கத்து வீட்டு அங்கிள் நேற்று வந்து காலையில் கொஞ்சம் மெதுவாக என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது ஜெபம் பண்ணிக்கொள்கிறேன் என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

ஜோயல் அத்தான்: கேட்டேன். கொசு பேட்டரி போட்டுக்கொண்டு பறக்கிற மாதிரி இருக்கிறது

ஜெபின்: நன்றி அத்தான்

குன்னூர் சித்தப்பா: மக்கா ஜெபின், மூன்று தரம் கேட்டேன். விரல் சரி, தாளம் சரி, சத்தம்தான் மெலிந்து போய்க் கிடக்கிறது. காரணம் உதடு இல்லை, அழுத்தம். மேலே போகப் போக மவுத்பீஸை, அதாவது ஊதுவாயை, உதட்டில் வைத்து நசுக்குகிறாய், அப்போது உதடு அதிர முடியாமல் போகிறது, அதிராத இடத்தில் சத்தம் எங்கிருந்து வரும்? ஊதி முடித்ததும் கண்ணாடியில் பார், மேலுதட்டில் வளையம் ஆழமாக விழுந்திருக்கும். வலது கை சுண்டுவிரலை டிரம்பெட் மேலே இருக்கிற கொக்கியில் மாட்டாதே, அதை மாட்டினால் கை தானாக இழுத்து அழுத்தும். இன்றிலிருந்து அது வெளியேதான் இருக்க வேண்டும். அப்புறம் காலையில் முதல் 10 நிமிடம் பாட்டே கிடையாது. நடு ஜி சுரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்கு, ஒவ்வொன்றும் 8 எண்ணிக்கை, முடிந்த அளவு மெதுவாக. சத்தமாக ஊத எல்லாராலும் முடியும் மக்கா, மெதுவாக ஊதும்போது சுரம் நடுங்காமல் நிற்பதுதான் கஷ்டம். அது நின்றால் பெரிய சத்தம் தானாக வரும். எவ்வளவு நேரம் ஊதினாயோ அவ்வளவு நேரம் ஓய்வு. பச்மரி இராணுவ இசைப் பள்ளியில் எங்களுக்கு இதைத்தான் மாதக் கணக்கில் செய்ய வைத்தார்கள், ஊரில் கல்யாண வீடுகளில் ஊதிய பையன்கள் எல்லாம் அழுதார்கள், நானும் அழுதேன்.

ஜெபின்: சரி சித்தப்பா

மேரி அத்தை: ஷீபா சேலை கலர் படம் அனுப்பியிருக்கிறேன். மயில் கழுத்தா மாம்பழமா?

அம்மா: மயில் கழுத்து

சுஜா: மாம்பழம்

பெரியப்பா: படம் திறக்கவில்லை.

ஜெபின்: சித்தப்பா, யூடியூபில் 7சி மவுத்பீஸ் சின்னது, 3சி வாங்கினால் சத்தம் குண்டாகும் என்கிறார்கள். அப்பாவிடம் கேட்டேன்.

அப்பா: விலை கேட்டேன். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

குன்னூர் சித்தப்பா: வேண்டாம். கொஞ்சம் உண்மைதான், 3சி-யின் வாய் அகலம். ஆனால் 19 நாள் இருக்கும்போது மவுத்பீஸ் மாற்றுவது கல்யாணத்துக்கு முந்தின நாள் மீசையை எடுக்கிற மாதிரி. பழகவே மாதங்கள் ஆகும். இருப்பதிலேயே ஊது.

ஜோயல் அத்தான்: தாத்தா டிரம்பெட்டில் ஊதச் சொல்லலாமே. அது நல்ல பித்தளை

அப்பா: அதில் மவுத்பீஸ் கழற்ற முடியாமல் சிக்கி 6 வருடம் ஆகிறது. யார் குறடு போட்டுத் திருகினது என்று எல்லாருக்கும் தெரியும்.

ஜோயல் அத்தான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மேரி அத்தை: அந்த டிரம்பெட் ஷோகேஸை விட்டு வெளியே வராது. அப்பா சாகும்போது என் கையில் கொடுத்தது.

பெரியப்பா: கையில் கொடுத்ததை யார் பார்த்தது?

அம்மா: அத்தான், இப்போது வேண்டாமே.

குன்னூர் சித்தப்பா: குறடு போட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும். சிக்கினதை இழுத்து எடுக்க அதற்கென்றே புல்லர் என்று ஒரு கருவி இருக்கிறது, எங்கள் ரெஜிமெண்டல் சென்டரில் உண்டு, கேட்டுப் பார்க்கிறேன். சரி, விஷயத்துக்கு வருவோம். ஜெபின், தேர்வில் தயார் பண்ணின பாட்டு ஒன்று வாசிக்க வேண்டும், நொட்டேஷன் படிக்க வேண்டும், ஒரு முழுப் பாட்டு வாயால் பாட வேண்டும், அவர்கள் கொடுக்கும் சுரத்தை நீ கண்டுபிடித்து ஊதிக் காட்டவும் வேண்டும். கடைசியில் சொன்னதில்தான் நம்ம பையன்கள் விழுகிறார்கள்.

ஜெபின்: பாடணுமா

ஜோயல் அத்தான்: தேசப் பாதுகாப்புக்கே ஆபத்து

பெரியப்பா: ஞாயிறு பள்ளி விழாவில் இவன் பாடி, ஆர்கன் வாசித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குன்னூர் சித்தப்பா: சிரிக்காதீர்கள். பாட முடியாத சுரத்தை டிரம்பெட்டில் பிடிக்கவும் முடியாது. விரலால் அழுத்த மூன்று பிஸ்டன்தான், ஒரே விரல் வைப்பில் ஐந்தாறு சுரம் வரும், எது வேண்டும் என்று காது முதலில் சொல்ல வேண்டும். அதனால் தினமும் கீர்த்தனையை ஒரு வரி பாடு, பிறகு அதே வரியை ஊது. இன்னொன்று, உன்னுடையது பி ஃபிளாட் டிரம்பெட். நீ சி என்று ஊதுவது கீபோர்டில் பி ஃபிளாட். அவர்கள் கீபோர்டில் சி தட்டினால் நீ டி ஊத வேண்டும், எப்போதும் ஒரு முழுச் சுரம் மேலே. கீழ் டி என்றால் 1-ம் 3-ம் பிஸ்டன், அதன் சுருதி இயல்பாகவே கொஞ்சம் ஏறி நிற்கும், மூன்றாவது ஸ்லைடை, அந்த நகரும் குழாயை, வெளியே தள்ளி இறக்கிக்கொள்.

ஜெபின்: ஓ!! அதனால்தான் கோயில் கீபோர்டோடு சேரவே இல்லையா. 2 வருடமாக கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்தேன்

சுஜா: ஆர்கனிஸ்ட்டிடமே சொன்னான்

அப்பா: ஓட்டம் என்ன ஆச்சு? 1.6 கிலோமீட்டர் 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். நேற்று 8.10.

ஜெபின்: நாய் துரத்தவில்லை நேற்று

குன்னூர் சித்தப்பா: ஓட்டம் சாயங்காலம் வைத்துக்கொள், ஓடின மூச்சோடு ஊதாதே. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வழி சொல்கிறேன், பீரோவைத் திறந்து சேலைகளுக்கு நேரே டிரம்பெட்டின் மணியை, அந்த விரிந்த முனையை, வைத்து ஊது, பாதிச் சத்தம் துணியே குடித்துவிடும். சத்தம் குறைக்க மணியில் செருகுகிற பிராக்டீஸ் மியூட் வாங்காதே, அது காற்றைத் திருப்பித் தள்ளும், நாள் முழுக்க அதில் ஊதினால் மூச்சுப் பழக்கமே மாறிவிடும்.

அம்மா: என் பட்டுச் சேலையிலா தம்பி? எச்சில் தெறிக்காதா?

குன்னூர் சித்தப்பா: எச்சில் கீழே தண்ணீர் வால்வு வழியாகத்தான் போகும் மைனி. பெரும்பாலும் மூச்சுக்காற்றின் ஈரம்தான்.

அம்மா: பெரும்பாலும்

குன்னூர் சித்தப்பா: பெங்களூருவில் காலையில் குளிரும். குளிர்ந்த டிரம்பெட் சுருதி இறங்கும், சூடானால் ஏறும். உள்ளே கூப்பிடும் வரைக்கும் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள், சத்தம் வராமல் சூடான காற்றை மட்டும் ஊதிக்கொண்டிரு. சுருதி சேர்க்கிற ட்யூனிங் ஸ்லைடை வீட்டில் வைத்த அளவிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போகாதே. பிரான்சில் மொரீஸ் ஆந்த்ரே என்று ஒருவர், சுரங்கத்தில் வேலை பார்த்த பையன், இராணுவ பேண்டில் சேர்ந்தால் பாரிஸ் கன்சர்வேட்டரியில் காசில்லாமல் படிக்கலாம் என்று அதில் சேர்ந்தார். பின்னால் உலகமே அவர் டிரம்பெட்டைக் கேட்டது. பெரியண்ணன் கவனத்துக்கு.

பெரியப்பா: அவருக்கு 4 வருட கான்ட்ராக்ட் இல்லை.

அம்மா: ஜனவரி 29 டெல்லி பீட்டிங் ரிட்ரீட் பேண்டு நிகழ்ச்சியில், டிவியில் ஜெபினைப் பார்த்தால் போதும் எனக்கு.

மேரி அத்தை: அதற்கு முன்னால் ஷீபா நிச்சயத்தில் ஊதட்டும். ஒரே ஒரு பாட்டு.

குன்னூர் சித்தப்பா: ராத்திரி ரயிலில் வந்து தூங்காமல் ஊத வேண்டுமா மேரி?

மேரி அத்தை: சொந்த அத்தை மகள்.

அப்பா: யார் கூடப் போவது என்றே இன்னும் முடிவாகவில்லை. நாகர்கோவில் பெங்களூரு ரயிலில் போகிற டிக்கெட் இரண்டும் வெயிட்டிங் லிஸ்ட். எனக்கு லீவு சந்தேகம்.

ஜோயல் அத்தான்: நான் போகிறேன்

பெரியப்பா: குறடை வீட்டில் வைத்துவிட்டுப் போ.

அம்மா: டிரம்பெட்டைப் பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டா போவான்? ஏற்கனவே ஒரு நெளிவு.

சுஜா: அத்தை, தாத்தா கேஸ் சும்மாதானே இருக்கிறது

குன்னூர் சித்தப்பா: ஜெபின், நேற்று ராத்திரி அனுப்பின ஜி கேட்டேன். முதல் 5 எண்ணிக்கை நன்றாக இருக்கிறது. பிறகு காற்று தீர்ந்து உதட்டால் தாங்குகிறாய். தீரும் முன்னால் நிறுத்து. நாளைக்கு 6 எண்ணு.

ஜெபின்: 6. சரி

மேரி அத்தை: கேஸ் தருகிறேன். கேஸ் மட்டும். உள்ளே இருக்கிற சிவப்புத் துணியை யாரும் எடுக்கக் கூடாது, அப்பா துடைத்த துணி. ஊதுவானா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், பிரியாணிக்காரருக்கு ஆள் கணக்கு கொடுக்க வேண்டும்.

பெரியப்பா: சேலை படம் இப்போது திறந்தது. மாம்பழம்.