கொன்சோலிடேஷன்: ‘இறுக்கம்’ போதுமா?

கண்டியிலிருந்து:

வணக்கம். செயற்கை மூட்டுக்கான பல்பகுதியக் கூட்டுப்பொருட்கள் பகுதிக்குச் சொற்கள் தொகுக்கிறோம். (கூட்டுப்பொருளுக்குச் ‘சேர்வை’ வேண்டாம், நம் பிள்ளைகள் இரசாயனச் சேர்வை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.) கொன்சோலிடேஷனுக்கு ‘இறுக்கம்’ என்று போடலாமா? தூளை அச்சிலிட்டுச் சூடாக்கி அமுக்கிக் கட்டியாக்குவதுதானே?

ஹட்டனிலிருந்து:

சேர், ‘இறுக்கம்’ பாதி வேலையைத்தான் சொல்கிறது. செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கான பொலியெதிலீனின் மூலக்கூற்றுத் திணிவு மோலுக்கு 20 இலட்சம் கிராமுக்கு மேல். 135 பாகை செல்சியஸ் அளவில் உருகும், ஆனால் ஓடாது. அதனால் உருக்கி அச்சுக்குள் பாய்ச்சும் ஊசிவார்ப்பு சரிவராது. தூளைத் தகடாக அமுக்க வேண்டும், அல்லது ஆடுதண்டால் தள்ளிக் கோலாகப் பிதுக்க வேண்டும்.

அமுக்கினால் காற்று வெளியேறும், துகள்கள் நெருங்கும். அது முதற்கட்டம். உருகுநிலைக்கு மேலே அமுக்கத்தை விடாமல் பிடித்துவைத்தால்தான் ஒரு துகளின் சங்கிலி அடுத்த துகளுக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும். நீளச் சங்கிலி மெல்லத்தான் நகரும். தகடு தடித்தால் நடுப்பகுதி சூடேறவும் நேரம் எடுக்கும். அவசரப்பட்டால் அடர்த்தி சரியாகவே காட்டும், மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியில் வைத்தால் துகள் எல்லைகள் அப்படியே தெரியும். குழல் பிட்டு மாதிரி: உருவம் நிற்கும், தொட்டால் மணிமணியாக உதிரும். முழங்கால் மூட்டுத் தகட்டில் வெடிப்பு அந்த எல்லை வழியேதான் ஓடும். முன்பு தூளில் சேர்த்த கல்சியம் ஸ்டியரேற்றும் அந்த எல்லைகளில் தங்கி இணைவைக் கெடுத்தது.

எனவே சொல்லில் ‘இணைவு’ இருந்தாக வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து:

அப்படியானால் ‘உருகிணைவு’?

ஹட்டனிலிருந்து:

அக்கா, அதை வாசிப்பவர் பொருள் உருகி ஓடி ஒட்டியது என்று நினைப்பார். ‘பீக்’ பிளாத்திக்கு அப்படிப்பட்டது: 343 பாகையில் உருகி, குறுங்காபன் நாரோடு அச்சுக்குள் பாயும். அங்கே சிக்கலே வேறு. அச்சு குளிர்ந்திருந்தால் மேற்றோல் பளிங்காகாமல் நிற்கும். ஊசிவார்ப்புப் பொறியின் திருகு சுழற்றும்போது நார் முறியும். ஓட்டத்தின் திசையில் நார் படுப்பதால் குறுக்குத்திசையில் வலிமை குறையும்.

பொலியெதிலீனிலும் 1970-களில் காபன் நார் கலந்து பார்த்தார்கள். பெயர் ‘பொலி 2’ (நெடிலாக வாசித்துவிடாதீர்கள், ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கும்). ஓடாத பொருள் நாரை நனைத்துப் பற்றுவதில்லை. போதாததற்கு, நார் துகள்களுக்கிடையே புகுந்து அவை தொடுவதையும் தடுத்தது. வலுவூட்டப் போட்டது வெடிப்புக்கு வழிவிட்டது.

என் முன்மொழிவு ‘இறுகிணைவு’. முதலில் இறுகல், பிறகு இணைதல். செய்முறையின் வரிசையும் அதுவே. வினை: இறுகிணை, இறுகிணைத்தல். குறைபாட்டுக்குக் ‘குறையிணைவு’. ‘மையப்பகுதியில் குறையிணைவு’ என்று ஆய்வுகூட அறிக்கையில் எழுதிப் பாருங்கள், இடறவில்லை.

பண்டாரவளையிலிருந்து:

மண் பொறியியலிலும் இதே ஆங்கிலச் சொல் உண்டே? நம் மலைச்சரிவுகளைப் பற்றி எழுதுபவர்கள் குழம்புவார்கள்.

ஹட்டனிலிருந்து:

மண்ணில் பாரம் ஏற ஏற நீர் பிழிந்து வெளியேறுகிறது, மணிகள் இணைவதில்லை. அதற்குத் தனிச்சொல்லே வேண்டும்.

கண்டியிலிருந்து:

‘இறுகிணைவு’ என்றே பதிகிறேன். அப்படியானால் தூளை அச்சில் அமுக்கும் முறைக்கான ‘அமுக்க வார்ப்பு’ம் இடிக்கிறது, வார்ப்பதென்றால் ஊற்றுவது, இது ஊற்றவே முடியாத பொருள். ‘அமுக்க உருவாக்கம்’ என்று மாற்றவா?