சுடும் விளையாட்டின் 'மேப்': வரைபடமா, களமா?

ஐயா, வணக்கம்.

'மேப்' என்பதற்கு 'வரைபடம்' இருக்கப் புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற சுடும் கணினி விளையாட்டை ஆடுகிறவர் 'டஸ்ட் 2 மாதிரி மேப் வராது' என்னும்போது தாளில் வரைந்த எதையும் சொல்லவில்லை. மணல்நிறச் சுவர்களும் வளைவு வாசல்களும் மரப்பெட்டிகளும் நிறைந்த ஓர் இடத்தைச் சொல்கிறார். அதற்குள் ஓடுகிறார், ஒளிகிறார், சாகிறார். அந்த இடத்தின் வரைபடம் திரையின் மூலையில் ராடாராகத் தனியே இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் "வரைபடத்தைப் பார்" என்று கூட்டாளி கத்தும்போது எதைப் பார்ப்பது?

என் பரிந்துரை 'களம்'. களத்தில் இறங்கினான், களம் கண்டான் என்று ஏற்கெனவே புழங்குகிறோம். 'வரைபடத்தில் இறங்கினான்' என்று சொல்லிப் பாருங்கள், அட்லஸுக்குள் தவறி விழுந்தவன் போல் இருக்கும்.

டஸ்ட் 2-ஐயே எடுத்துக்கொள்வோம். டேவ் ஜான்ஸ்டன் என்ற வடிவமைப்பாளர் 1999-இல் செய்த டஸ்ட்டுக்குத் தம்பியாக 2001-இல் வந்தது. மேலிருந்து பார்த்தால் அதன் வழிகள் ஏறக்குறைய 8 என்ற எண்ணைப் போல் பின்னிக் கிடக்கும். தாக்கும் அணி குண்டு வைக்க ஏ, பி என இரண்டு இடங்கள். ஏ-க்கு நீண்ட வழி ஒன்று, குறுக்கு வழி ஒன்று. பி-க்கு இருண்ட சுரங்கம். நடுவே இரட்டைக் கதவு. காக்கும் அணியினர் பி-க்கு ஓடும்போது அந்தக் கதவுகளின் இடைவெளியைக் கடந்தாக வேண்டும். 2021-இல் அந்தப் பார்வையை மறைக்கும்வரை, தாக்கும் அணியின் ஸ்னைப்பரோ சுற்று தொடங்கிய இடத்திலேயே நின்று, அந்தச் சந்தில் குறிவைத்துக் காத்திருப்பார். முதல் சில நொடிகளிலேயே ஒரு தலை உருண்டுவிடும். எந்த மூலைக்கு யார் முதலில் வந்து சேர்வார், எங்கே முட்டிக்கொள்வார்கள் என்ற இந்தக் கணக்கு கைவந்தவரைத்தான் 'மேப் தெரிஞ்சவன்' என்கிறார்கள். 'வரைபடம் தெரிந்தவன்' என்றால் புவியியல் ஆசிரியர். 'களம் தெரிந்தவன்' என்றால் பொருள் அப்படியே வந்து உட்கார்கிறது.

கூட்டுச்சொற்களும் எளிதாகப் பிறக்கும். போட்டிக்கு முன் அணிகள் மாறிமாறி மேப்புகளை விலக்குவது 'களநீக்கம்'. போட்டிக்குரிய தொகுப்பு 'களப்பட்டியல்': டஸ்ட் 2 பிப்ரவரி 2017-இல் களப்பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் புதுப்பொலிவோடு வெளிவந்தது. இந்த வாக்கியத்தில் 'வரைபடப் பட்டியல்' என்று போட்டால் நூலக அட்டவணை ஆகிவிடும்.

—

தம்பி,

'களநீக்கம்' நன்றாக இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் 'மேப்' என்ற பெயர் சும்மா வரவில்லை. 1994-இல் வந்த டூம் 2 என்ற சுடும் விளையாட்டில் கட்டங்களின் உட்பெயரே 'மேப்01', 'மேப்02' என்றுதான் போகும். செய்கிறவர்கள் மேலிருந்து பார்த்துக் கோடு கோடாக வரைந்தார்கள். அவர்களுக்கு அது வரைபடமேதான். இன்னொன்று, தரவுத்தளத்தில் ஃபீல்டு என்பதற்கும் சிலர் 'களம்' என்று எழுதுகிறார்கள். குழப்பம் வராதா? 'ஆடுகளம்' என்று நீட்டிவிடலாமே?

—

ஐயா,

டூம் 2 பற்றி நீங்கள் சொன்னது எனக்கே சாதகம்! அது செய்தவர் மேலிருந்து பார்த்து வைத்த பெயர். நாம் சொல் தேடுவது தரையில் நிற்கிறவருக்கு. வரைகிறவரின் திட்டப்படம் 'வரைபடம்' என்றே இருக்கட்டும், மறுப்பில்லை.

'ஆடுகளம்' என்றதும் கிரிக்கெட் பிட்ச்தான் கண்ணில் வரும். 'நீண்ட வழியில் புல் இருக்கிறதா' என்று யாராவது கேட்பார்கள். தரவுத்தளத்துக்குப் 'புலம்' என்ற சொல்லும் புழக்கத்தில் இருப்பதால் அங்கே இடிக்காது. இடித்தாலும் குண்டு வைக்கிற பேச்சில் தரவுத்தளம் நுழையப் போவதில்லை.

ஆக மேப் களம், மூலையில் உள்ள ராடார்ப் படம் களப்படம், வடிவமைப்பவர் களவமைப்பாளர். இரு அணிகளும் முட்டிக்கொள்ளும் குறுகிய இடத்துக்கு 'நெரிமுனை' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'இடுக்கு' என்ற நாட்டுச்சொல் இருக்க அது வேண்டாம். பேச்சிலிருந்து 'மேப்' போகாது, போகவும் வேண்டாம்.

களத்தின் பெயரை மட்டும் தயவுசெய்து மொழிபெயர்க்க வேண்டாம். 'தூசி 2' என்று யாராவது அகராதியில் ஏற்றினால் நானே போய் அழித்துவிடுவேன்.